4 ஜிபியைத் தாண்டியதும் தடுமாறும் பூட்லோடர்: அறிகுறியை வைத்துக் கோளாறு பிடிக்கும் வழி

மதுரையில் கல்லூரி ப்ராஜெக்டுக்காகச் சொந்தமாக பூட்லோடர் (மெஷின் தொடங்கியதும் கெர்னலை ஏற்றிவிடும் சின்ன நிரல்) எழுதும் பிள்ளைகளும், பழைய மெஷின்களில் கோர்பூட் (பயாஸுக்குப் பதிலாகப் போடும் திறந்தமூல ஃபர்ம்வேர்) ஏற்றி உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கும் நண்பர்களும் என்னிடம் கொண்டுவருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே வகைதான். 1 ஜிபி, 2 ஜிபி ராமில் எல்லாம் ஒழுங்காக ஓடும். ராமைக் கூட்டியதும் ஏதோ ஒன்று கெடும். உடனே டவுன்ஹால் ரோட்டுக்குப் போய் வேறு ராம் வாங்கி வருவார்கள். அதிலும் அதே கோளாறு இருக்கும். காசு போனதுதான் மிச்சம்.

ராம் மேல் பழி போடுவதற்கு முன் நினைவக அட்டவணையைப் பாருங்கள். எந்த முகவரியில் ராம் இருக்கிறது, எது ஒதுக்கப்பட்டது என்று சொல்லும் பட்டியல் அது. போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரலான ஃபர்ம்வேர் அதை எழுதி வைக்கிறது, பூட்லோடர் படித்துத் தன் பாணியில் மாற்றி எழுதுகிறது, கெர்னல் அதைப் படிக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் 64 பிட் முகவரியின் மேல்பாதி தொலைய வாய்ப்பு உண்டு. எழுதியவர் நிரலும் சரியாக இருக்கும், படித்தவர் நிரலும் சரியாக இருக்கும். எத்தனை பைட் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போயிருக்க மாட்டார்கள். அதனால் கோளாறைத் தேடும்போது நிரலை வரி வரியாகப் படிப்பதைவிட, கைமாறும் இடங்களில் நின்று பார்ப்பது சீக்கிரம் பலன் தரும்.

கீழே வரும் முகவரிகள் எல்லாம் ஹெக்ஸில் உள்ளவை. எல்லைகளில் முடிவு எண்ணைச் சேர்க்காமல் எழுதியிருக்கிறேன். லினக்ஸ் கடைசி பைட்டையும் சேர்த்துக் காட்டும் என்பதால் அதன் பதிவில் ஒன்று குறைவாக இருக்கும்.

ஏன் 4 ஜிபி?

32 பிட்டில் 4,29,49,67,296 முகவரிகள்தான் எழுத முடியும். அதாவது 100000000 என்ற முகவரிக்கு 33ஆவது பிட் வேண்டும். ஆனால் சிக்கல் 4 ஜிபிக்கு மேல் ராம் போட்டால்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். 4 ஜிபி எல்லைக்குச் சற்றுக் கீழே உள்ள இடம் ராமுக்குக் கிடையாது. லோக்கல் ஏபிஐசி, ஐஓ ஏபிஐசி, பிசிஐ சாதனங்கள், பயாஸ் ஃப்ளாஷ் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன. பவர் வந்ததும் சிபியு படிக்கும் முதல் கட்டளையே 4 ஜிபிக்கு 16 பைட் கீழேதான் இருக்கிறது. அந்த இடத்தில் வந்திருக்க வேண்டிய ராமை, வசதியுள்ள சிப்செட்டுகள் தூக்கி 100000000-க்கு மேலே வைத்துவிடும். ஆகவே சரியாக 4 ஜிபி போட்ட மெஷினிலேயே ஒரு பகுதி ராம் மேலே போயிருக்கும்.

சோதனைக்கு நிஜ மெஷின் வேண்டாம், மெஷினை மென்பொருளிலேயே போலச் செய்யும் க்யூஎமு போதும். அதில் இரண்டு மாதிரி மெஷின்கள் உண்டு: பழைய பிசி வகை, அப்புறம் கியூ35. இரண்டுக்கும் 6 ஜிபி கொடுத்துப் பாருங்கள். பிசி வகை 3 ஜிபியைக் கீழேயும் 3 ஜிபியை மேலேயும் வைக்கும். கியூ35 கீழே 2 ஜிபி மட்டும் வைத்துக்கொண்டு 4 ஜிபியை மேலே அனுப்பும். அதாவது 100000000 முதல் 200000000 வரை. இந்தப் பங்கீடு வேறுபடுவது நமக்கு நல்லது. ஒன்றில் ஒளிந்துகொள்ளும் பிழை மற்றொன்றில் வெளியே வந்துவிடும். எப்படி என்பதைக் கீழே காட்டுகிறேன்.

அறிகுறி: நீளம் 0 அல்லது 1 என்று அச்சாகிறது

இதை முதலில் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் அச்சே பொய் சொன்னால் மற்ற அறிகுறிகள் எதையும் நம்ப முடியாது. சின்ன பூட்லோடர்களில் நாமே எழுதிய பிரின்ட்எஃப்தான் இருக்கும். அதற்கு 64 பிட் எண்ணை அச்சிடத் தெரியாது. 32 பிட் இன்டெல் நிரலில் 64 பிட் எண் ஒன்றை அனுப்பினால் அது ஸ்டாக்கில் இரண்டு துண்டாக, கீழ்பாதி முதலில் மேல்பாதி அடுத்து என்று கிடக்கும். நீங்கள் தொடக்கம், நீளம் என்று இரண்டு எண்களை 32 பிட் வடிவத்தில் அச்சிடச் சொன்னால், முதல் இடத்தில் தொடக்கத்தின் கீழ்பாதி வரும். இரண்டாவது இடத்தில் தொடக்கத்தின் மேல்பாதி வரும். நீளம் அச்சுக்கே வராது.

கியூ35-இன் மேல் பகுதியை இப்படி அச்சிட்டால் தொடக்கம் 0, நீளம் 1 என்று வரும். அட்டவணை நாசமாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் அது அப்படியே சரியாக இருக்கிறது. மேல்பாதியை 32 பிட் வலப்பக்கம் நகர்த்தித் தனியாகவும், கீழ்பாதியைத் தனியாகவும், எட்டு இலக்கமும் வருமாறு சுழி நிரப்பி அச்சிடுங்கள். ஒரே வரியில் ஒட்டினாற்போல் இரண்டு எட்டு இலக்க எண்கள். பிழை தீரும்வரை இந்த வடிவத்தை மாற்றாதீர்கள்.

அறிகுறி: 8 ஜிபி போட்டாலும் 3 அல்லது 4 ஜிபிதான் தெரிகிறது

“அண்ணே, 8 ஜிபி போட்டிருக்கேன், என் லோடர் 3 ஜிபிதான் காட்டுது. ஸ்லாட் போச்சாண்ணே?”

“ஸ்லாட்ட விடு தம்பி. இ820 பட்டியல்ல 100000000-ல தொடங்குற வரி இருக்கா, அத மட்டும் பாத்துச் சொல்லு.”

இந்த உரையாடல் எத்தனையோ பேருடன் நடந்திருக்கிறது. இ820 என்பது பயாஸ் தரும் நினைவகப் பட்டியல். அந்த ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே பாதை பிரிந்துவிடும்.

வரி இருக்கிறது என்றால் ஃபர்ம்வேர் தன் வேலையைச் செய்துவிட்டது, பிழை உங்கள் பக்கம். இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று, பழைய வழியில் கேட்டிருப்பீர்கள். பயாஸை அழைக்கும் 15ஆம் இன்டரப்டில் 88 என்ற சேவை கிட்டத்தட்ட 64 எம்பி வரைதான் சொல்லும். இ801 என்ற சேவை 4 ஜிபிக்குக் கீழே உள்ளதை மட்டும் சொல்லும். மல்டிபூட் (லோடர் கெர்னலுக்குத் தகவல் கொடுக்கும் ஒரு பொது விதிமுறை) தருகிற ‘மேல் நினைவகம்’ என்ற எண்ணும் 1 எம்பிக்கு மேலே தொடங்கி முதல் இடைவெளி வரைதான். அந்தப் பெயரைப் பார்த்து மொத்த ராம் என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். இவை எதுவும் வேண்டாம். இ820 அல்லது மல்டிபூட்டின் முழு நினைவக வரைபடம், இவற்றைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டாவது காரணம், நீளத்தை 32 பிட் மாறியில் வாங்கியிருப்பது. 8 ஜிபி கொடுத்த பிசி வகையில் மேலே 5 ஜிபி இருக்கும். அதை 32 பிட்டில் போட்டால் 1 ஜிபிதான் மிஞ்சும். கீழே உள்ள 3-உடன் கூட்டினால் 4 ஜிபி. பார்ப்பதற்கு நியாயமான எண் போலவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கியூ35-இல் 6 ஜிபி கொடுத்தால் இதே பிழை பச்சையாகத் தெரியும்: மேலே உள்ள நீளம் சரியாக 100000000, 32 பிட்டில் அது வெறும் 0. மொத்தம் 2 ஜிபி என்று காட்டும். ஆனால் பிசி வகையில் 6 ஜிபி கொடுத்தால் மேலே 3 ஜிபிதான், அது 32 பிட்டுக்குள் அடங்கிவிடும், பிழை வெளியே தெரியாது. இதற்காகத்தான் இரண்டு மெஷினிலும் ஓட்டச் சொன்னேன்.

வரியே இல்லை என்றால் ஃபர்ம்வேர் ராமை மேலே தூக்கி வைக்கவில்லை. பழைய போர்டுகளில் பயாஸ் அமைப்புக்குள் நினைவக மறுவரைவு என்று ஒரு தேர்வு இருக்கும், அது அணைந்து கிடக்கலாம். அல்லது சிப்செட்டுக்கே அந்த வசதி இருக்காது. கோர்பூட் ஆட்கள் விரும்பித் தேடும் திங்க்பேட் எக்ஸ்60-இல் உள்ள இன்டெல் 945 அப்படிப்பட்டது. 4 ஜிபி போட்டாலும் 3 ஜிபி சொச்சம்தான் கிடைக்கும். அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை, 4 ஜிபி வாங்குகிற காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

கெர்னல் 32 பிட் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பிஏஇ (முகவரி நீட்டிப்பு வசதி) இல்லாமல் கட்டிய கெர்னல் அட்டவணையைச் சரியாகப் படித்தாலும் 4 ஜிபிக்கு மேலுள்ளதைத் தொட முடியாது. 1995இல் பென்டியம் ப்ரோவுடன் வந்த அந்த வசதி முகவரியை 36 பிட் ஆக்கி 64 ஜிபி வரை கொண்டுபோனது.

அறிகுறி: 6 ஜிபி மெஷினில் 1 டிபி காட்டுகிறது

மேலே உள்ளதற்கு நேர் எதிர். வரிகளிலேயே மிக உயர்ந்த முடிவு முகவரியை எடுத்து ‘மொத்த ராம்’ என்று வைத்திருப்பீர்கள். க்யூஎமுவின் புதிய பதிப்புகள் 1 டிபி எல்லையை ஒட்டி ஒரு பகுதியை ஒதுக்கப்பட்டது என்று பட்டியலில் போடும்; அந்த வரி 10000000000 என்ற முகவரியில் முடியும். உங்கள் பக்க ஒதுக்கீட்டு பிட்மேப் (பக்கத்துக்கு ஒரு பிட் வைக்கும் கணக்கு) அதை நம்பி 1 டிபிக்கு இடம் பிடித்தால், 4 கேபி பக்கங்களுக்கு 32 எம்பி அதிலேயே போய்விடும். வகை 1, அதாவது பயன்படுத்தக்கூடிய ராம், என்று குறித்த வரிகளை மட்டும் கணக்கில் எடுங்கள். வரிகள் வரிசையாக வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, நீங்களே வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி: முதல் வரி சரி, இரண்டாவதிலிருந்து குப்பை

எனக்கு மிகவும் பிடித்த வகை இது, ஏனென்றால் குப்பையைக் கூர்ந்து பார்த்தால் அதுவே காரணத்தைச் சொல்லிவிடும். முதல் வரி சரியாக இருப்பதால் அட்டவணையின் இடம் சரி. அடுத்த வரிக்குத் தாவும் தூரம்தான் தவறு.

ஒவ்வொரு அட்டவணைக்கும் தாவும் தூரம் வேறு. இ820-இல் ஒரு வரி 20 பைட், ஏசிபிஐ (வன்பொருள் விவரத்தை இயங்குதளத்துக்குச் சொல்லும் தரநிலை) 3.0 கூடுதல் புலம் ஒன்றைச் சேர்த்ததால் 24 பைட்டாகவும் வரலாம். எத்தனை பைட் எழுதினேன் என்பதை பயாஸ் ஈசிஎக்ஸ் ரெஜிஸ்டரில் திருப்பிச் சொல்லும், அதைப் படியுங்கள். முதல் மல்டிபூட்டில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் அளவு எண் இருக்கும், ஆனால் அந்த எண் தன்னைத் தானே சேர்த்துக்கொள்ளாது. 20 என்று இருந்தால் 24 பைட் தாவ வேண்டும். பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐயில் விவரணைக் கட்டமைப்பைக் கூட்டினால் 40 பைட் வரும். ஃபர்ம்வேரோ பெரும்பாலும் 48 என்று சொல்லும். சைஸ்ஆஃப் போட்டுத் தாவாமல் ஃபர்ம்வேர் சொன்ன அளவில் தாவ வேண்டும்.

கோர்பூட் அட்டவணையில் உள்ள பொறி கொஞ்சம் நுணுக்கமானது, அதனால் அதைப் பொறுமையாகப் பார்ப்போம். அதன் நினைவகப் பதிவில் 8 பைட் தலைப்பு, பிறகு வரிகள். ஒவ்வொரு வரியிலும் தொடக்கம் 8 பைட், நீளம் 8 பைட், வகை 4 பைட், ஆக 20. 32 பிட் இன்டெல் கம்பைலர் ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் 64 பிட் எண்ணை 4 பைட் எல்லையில் வைத்துக்கொள்ளும், அதற்கு இது 20தான். ஆனால் அதே ஸ்ட்ரக்டை 64 பிட்டில் கம்பைல் செய்தால் 64 பிட் எண்ணுக்கு 8 பைட் எல்லை வேண்டும் என்று கடைசியில் 4 பைட் காலி இடம் சேர்த்து 24 ஆக்கிவிடும். ஏஆர்எம்மிலும் இதே கதை. கோர்பூட்டை 32 பிட்டிலும், அது கடைசியில் ஓட்டும் பேலோடை 64 பிட்டிலும் கட்டுகிறவர்கள் நேராக இதில் போய் விழுவார்கள்.

எண்ணிக்கையைச் சரிபார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். ஆறு வரி இருந்தால் 120 பைட். 24ஆல் வகுத்தால் சரியாக ஐந்து, மீதியே வராது. எந்தச் சோதனையிலும் சிக்காது. ஆனால் இரண்டாவது வரியைப் பாருங்கள்: 4 பைட் தள்ளிப் படிப்பதால், தொடக்கத்தின் கீழ்பாதியில் உண்மையான தொடக்கத்தின் மேல்பாதி வந்து உட்காரும். மேல்பாதியில் நீளத்தின் கீழ்பாதி வந்து உட்காரும். அதாவது கீழ்பாதி 0 அல்லது 1 போன்ற சின்ன எண், மேல்பாதி ஏதோ பெரிய எண். இந்த வடிவத்தைப் பார்த்தாலே 20க்கும் 24க்கும் உள்ள சண்டை என்று முடிவு கட்டிவிடலாம்.

கோர்பூட் இதை ஆரம்பத்திலிருந்தே அறிந்திருந்தது. முன்பு 64 பிட் எண்ணையே பயன்படுத்தாமல் கீழ்பாதி, மேல்பாதி என்று இரண்டு 32 பிட் எண்களாக வைத்திருந்தது. இப்போது 64 பிட் எண்தான், ஆனால் 4 பைட் எல்லையில் வை என்று கம்பைலருக்குக் குறிப்பு போட்ட தனி வகை. நீங்கள் தலைப்புக் கோப்பை நகலெடுத்துப் பயன்படுத்தும்போது அந்த வகையைத் தூக்கிவிட்டுச் சாதாரண 64 பிட் எண்ணைப் போட்டீர்களா என்று பாருங்கள். ‘சுத்தம் செய்கிறேன்’ என்று பலர் செய்வது அதைத்தான். ஸ்ட்ரக்டின் அளவு 20 இல்லை என்றால் கம்பைலே ஆகக் கூடாது என்று ஒரு ஸ்டாட்டிக் அசெர்ட் போட்டு வையுங்கள். இது ஒரே வரி, ஆனால் பிற்பாடு இதே பிழை திரும்பி வராமல் காப்பது அதுதான்.

அறிகுறி: மொத்தம் சரி, ஆனால் சற்று நேரம் ஓடிய பிறகு நினைவகம் கெடுகிறது

இதில்தான் எல்லாரும் ராமைக் கழற்றுகிறார்கள். சித்திரை வெயிலில் அறை கொதிக்கும்போது சூட்டினால் என்றுகூடத் தோன்றும். ஆனால் கெடும் முகவரி ஒவ்வொரு முறையும் ஒன்றேயானால் சூட்டின் மேல் சந்தேகம் வேண்டாம்.

மேல்பாதி தொலைந்த முகவரி செல்லாத முகவரி ஆகிவிடுவதில்லை. மாசி வீதி என்று மட்டும் எழுதி மேல, கீழ, வடக்கு, தெற்கு எது என்று எழுதாமல் விட்டால் தபால் யாரோ ஒருவர் வீட்டுக்கு நிச்சயம் போய்ச் சேரும், அப்படித்தான் இதுவும். 140003000-க்கு எழுதியது 40003000-இல் போய் விழும். அங்கேயும் நல்ல ராம் இருக்கிறது, அங்கே வேறொருவருடைய தரவு இருக்கிறது. எந்தப் பிழைச்செய்தியும் வராது.

இது நடக்கும் இடங்களில் நான் அதிகம் கண்டது பக்க எல்லைக்கு முகவரியை வெட்டும் வரி. முகவரி 64 பிட்டாகவே இருக்கும், யாரும் 32 பிட்டுக்கு மாற்றியிருக்க மாட்டார்கள். ஆனால் பக்க அளவான 1000 (ஹெக்ஸில், அதாவது 4 கேபி) என்ற எண் குறியில்லாத 32 பிட் மாறியில் இருக்கும். அதிலிருந்து ஒன்றைக் கழித்துத் தலைகீழாக்கினால் கிடைக்கும் மாஸ்க்கும் 32 பிட்தான். அதை 64 பிட் முகவரியுடன் ஆண்ட் செய்யும்போது கம்பைலர் மாஸ்க்கின் மேல்பாதியைச் சுழியால் நிரப்பும். முகவரியின் மேல்பாதி அப்படியே துடைக்கப்பட்டுவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே மாறி குறியுள்ள இன்ட் ஆக இருந்தால் மாஸ்க் எதிர்ம எண்ணாகி மேல்பாதியிலும் ஒன்றுகளே நிரம்பும், விடை சரியாக வந்துவிடும். அதனால் யாரோ ஒருவர் இன்ட்டை ‘ஒழுங்குபடுத்தி’ அன்சைண்டு ஆக்கிய நாளிலிருந்து பிழை தொடங்கியிருக்கும். திருத்தம் எளிது: பக்க அளவின் வகையையும் முகவரியின் வகையையும் ஒன்றாக்குங்கள்.

பக்க எண்ணிலிருந்து முகவரி செய்யும் இடமும் அப்படித்தான். 140003 என்ற பக்க எண் 32 பிட் மாறியில் தாராளமாக அடங்கும். அதை 12 பிட் இடப்பக்கம் நகர்த்தினால் முகவரி 32 பிட்டுக்குள் அடங்காது. விடையை 64 பிட் மாறியில் வாங்கினாலும் பயனில்லை, நகர்த்தல் 32 பிட்டிலேயே முடிந்து 40003000 ஆகிவிட்டது. நகர்த்துவதற்கு முன் 64 பிட்டாக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று: தொடக்க முகவரியை மட்டும் 32 பிட்டில் வாங்கி, நீளத்தைச் சரியாக வாங்கியிருந்தால், மேலே உள்ள ராம் 0-இலிருந்து தொடங்குவதாகப் பதிவாகும். மொத்தம் சரியாக இருக்கும். ஆனால் ஒதுக்கீட்டு நிரல் ஒரே பக்கத்தை இரண்டு பேருக்குக் கொடுக்கும். வரிசைப்படுத்திய பின் அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றனவா என்று ஒரு சோதனை போடுங்கள். அப்படி இருந்தால் அங்கேயே நின்றுவிடட்டும்.

அறிகுறி: முகவரிக்கு முன்னால் எட்டு எஃப்

80000000-க்கு மேலே உள்ள ஒரு முகவரி அச்சில் எட்டு எஃப்களுடன் தொடங்குகிறது. 2 ஜிபிக்குக் கீழே உள்ளவை சரியாக வருகின்றன. இது குறி நீட்சி. 32 பிட்டின் உச்சி பிட் 1 ஆக இருந்தால் அதை எதிர்ம எண் என்று எடுத்துக்கொண்டு மேல்பாதி முழுவதையும் ஒன்றுகளால் நிரப்புவது.

யாரும் குறியுள்ள எண்ணைப் பயன்படுத்தவே இல்லையே என்பார்கள். உண்மைதான். 32 பிட் நிரலில் ஒரு பாயின்டரை நேரடியாகக் குறியில்லாத 64 பிட் எண்ணாக காஸ்ட் செய்தாலே ஜிசிசி குறி நீட்சி செய்யும். இது அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. முதலில் யுஇன்ட்பிடிஆர் வகைக்கு மாற்றி, அப்புறம் 64 பிட்டுக்கு மாற்றுங்கள். அட்டவணையில் முகவரி எழுதும் எல்லா இடங்களிலும் இந்த இரட்டை காஸ்ட் இருக்க வேண்டும்.

இங்கேயும் இரண்டு மெஷின் சோதனை கைகொடுக்கும். கோர்பூட் தன் அட்டவணைகளை வைக்கும் சிபிமெம் பகுதியைக் கீழ் ராமின் உச்சியை ஒட்டி வைக்கும். 6 ஜிபி கியூ35-இல் அந்த உச்சி 80000000-க்குக் கீழே என்பதால் பிழை தெரியாது. பிசி வகையில் உச்சி 3 ஜிபி, உடனே தெரியும்.

அறிகுறி: ஏசிபிஐ அட்டவணையைத் தொட்டதும் மெஷின் ரீபூட் ஆகிறது

க்யூஎமுவை ரீபூட் செய்யாதே என்ற தேர்வுடனும், இன்டரப்டுகளைப் பதிவு செய் என்ற தேர்வுடனும் ஓட்டுங்கள். கேவிஎம் (நிஜ சிபியுவிலேயே ஓட்டும் முறை) வேண்டாம், அதில் அந்தப் பதிவு வராது. பக்கப் பிழை வந்திருந்தால் சிஆர்2 ரெஜிஸ்டரில் சிபியு தொட முயன்ற முகவரி இருக்கும். அது 100000000-க்கு மேலே இருந்தால் முகவரி முழுதாகத்தான் வந்திருக்கிறது, உங்கள் பக்க அட்டவணை முதல் 4 ஜிபியை மட்டும் வரைந்திருக்கிறது. யூஇஎஃப்ஐ மெஷின்களில் ஏசிபிஐ அட்டவணைகள் மேலேயும் இருக்கலாம். சிஆர்2-இல் அரைகுறை முகவரி இருந்தால் வெட்டுப்பட்டிருக்கிறது.

வெட்டுப்படுவதற்கு வழக்கமான காரணம், ஏசிபிஐ அட்டவணைகளுக்கு வழிகாட்டும் ஆர்எஸ்டிபியின் பதிப்பு எண்ணைப் பார்க்காதது. பதிப்பு 0 என்றால் 20 பைட், அதில், மற்ற அட்டவணைகளின் முகவரிப் பட்டியலான ஆர்எஸ்டிடியின் 32 பிட் முகவரி மட்டும். பதிப்பு 2 முதல் 36 பைட், 24ஆம் பைட்டிலிருந்து எக்ஸ்எஸ்டிடியின் 64 பிட் முகவரி. ஆர்எஸ்டிடிக்குள் உள்ளவை 4 பைட் முகவரிகள், எக்ஸ்எஸ்டிடிக்குள் 8 பைட். ஒன்றின் வளையத்தில் மற்றதைப் படிப்பவர்கள் உண்டு. எக்ஸ்எஸ்டிடியின் முகவரிகள் 36 பைட் தலைப்புக்குப் பிறகு தொடங்குவதால் 8 பைட் எல்லையில் அமையாது. ஏஆர்எம்மில் நேரடியாகப் படித்தால் எல்லைப் பிழை வரலாம். மெம்காப்பி செய்து படியுங்கள். எஃப்ஏடிடி என்ற அட்டவணைக்குள்ளும் டிஎஸ்டிடி என்ற இன்னொன்றுக்கு இரண்டு முகவரிகள் இருக்கின்றன, 40ஆம் பைட்டில் 32 பிட், 140ஆம் பைட்டில் 64 பிட். 64 பிட் புலம் சுழியாக இல்லையென்றால் அதையே எடுங்கள்.

அறிகுறி: இனிட்ரேம்எஃப்எஸ் குப்பை என்று லினக்ஸ் திட்டுகிறது

லினக்ஸ் தொடக்கத்தில் பயன்படுத்தும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பான இனிட்ரேம்எஃப்எஸ்ஸை 4 ஜிபிக்கு மேலே ஏற்றியிருந்தால் மட்டும் படியுங்கள். லினக்ஸின் பூட் அளவுருப் பக்கத்தில் ராம்டிஸ்க் முகவரிக்குப் பழைய புலம் 32 பிட். மேல்பாதிக்குத் தனிப் புலம், பூட் ப்ரோட்டகால் 2.12-இல், அதாவது கெர்னல் 3.8-உடன் வந்தது. கெர்னல் அதற்குச் சம்மதம் என்று கொடி காட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மேல்பாதியைச் சரியாக எழுதியும் கெர்னல் 0 என்று எடுத்துக்கொள்கிறதா? 1ஈஎஃப் என்ற இடத்தில் உள்ள காவல் பைட்டைப் பாருங்கள். கெர்னல் கோப்பிலிருந்து அந்தப் பகுதியைச் சேர்த்து நகலெடுத்தால் அந்த பைட் சுழியாக இருக்காது. லோடர் பக்கத்தைச் சுத்தம் செய்யாமல் கொடுத்திருக்கிறது என்று கெர்னல் முடிவெடுத்து, உங்கள் மேல்பாதிப் புலத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். பக்கம் முழுவதையும் முதலில் சுழியாக்கி, தலைப்புப் பகுதியை மட்டும் நகலெடுங்கள்.

அறிகுறி: ஏஆர்எம் போர்டில் நினைவகம் பாதி

போர்டில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் டிவைஸ் ட்ரீயில் முகவரிக்கு எத்தனை செல், அளவுக்கு எத்தனை செல் என்பதை மேல் முனை சொல்லும். சொல்லாவிட்டால் முகவரிக்கு இரண்டு, அளவுக்கு ஒன்று. ஒரு செல் 32 பிட், பிக் எண்டியன். அளவுக்கு ஒரே செல் என்றால் 4 ஜிபி பகுதியை எழுதவே முடியாது. 8 ஜிபி ராஸ்பெரி பை 4-இல் சொந்த லோடர் எழுதுபவர்கள் செல் எண்ணிக்கையை நிரலில் நிரந்தரமாக எழுதிவிடாமல் ட்ரீயிலிருந்தே படியுங்கள். இனிட்ஆர்டி தொடக்கத்தைச் சொல்லும் பண்பு 4 பைட்டாகவும் இருக்கலாம், 8 பைட்டாகவும் இருக்கலாம். அதன் நீளத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

அறிகுறி: 32 ஜிபி ஸ்டிக் 0 என்று தெரிகிறது

மெஷினின் பாகங்களைப் பட்டியலிடும் எஸ்எம்பயாஸின் 17ஆம் வகைப் பதிவில் ஸ்டிக்கின் அளவு 16 பிட், எம்பி கணக்கில். உச்சி பிட் 1 என்றால் கணக்கு கேபியில். 32 ஜிபி என்பது 32,768 எம்பி, ஹெக்ஸில் 8000. அப்படியே எழுதினால் ‘கேபி கணக்கில் 0’ என்று பொருளாகிவிடும். 32,767-ஐ எழுதிவிட்டு உண்மை அளவைப் பின்னால் உள்ள 32 பிட் நீட்டிப்புப் புலத்தில் எழுத வேண்டும். பூட் ஆவதற்கு இதனால் பாதகம் இல்லை, கடைக்காரரிடம் தேவையில்லாமல் சண்டை வரும், அவ்வளவுதான்.

இத்தனையும் பார்த்த பிறகும் கெடுகிறது

அப்போது ராமைச் சந்தேகப்படலாம். மெம்டெஸ்ட்86+ ஓட்டி, பிழை காட்டும் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்டிக் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து ஓட்டி, பிறகு மற்றதை அதே ஸ்லாட்டில் வைத்து ஓட்டுங்கள். பிழை ஸ்டிக்குடன் போனால் ஸ்டிக், ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டு. இரண்டிலும் மெம்டெஸ்ட் சுத்தமாக ஓடி, உங்கள் லோடரில் மட்டும் கெடுகிறது என்றால், ஃபர்ம்வேர் தந்த அட்டவணையையும் நீங்கள் கெர்னலுக்குக் கொடுத்த அட்டவணையையும் சீரியல் போர்ட்டில் அருகருகே அச்சிட்டு, மேல்பாதிகளை மட்டும் முதலில் ஒப்பிடுங்கள். அந்த இரண்டு பட்டியலையும் எடுத்துக்கொண்டு வந்தால் நானும் கூட உட்கார்ந்து பார்க்கிறேன்.